பாட்டுக்குறி

மேகலா முன் சீட்டின் முதுகைக் கட்டிக்கொண்டு பின்பக்கமாகத் திரும்பி உட்கார்ந்துவிட்டாள், இனி கேட்காமல் விடமாட்டாள். துப்பட்டாவுக்குள் போனைப் பிடித்தபடி நான் ஜன்னலுக்கு வெளியே பார்க்கிறேன், வெளியே பார்த்தால் என்னை யாரும் பார்க்கமாட்டார்கள் என்பது சின்ன வயதிலிருந்தே எனக்குள் இருக்கும் நம்பிக்கை. மூன்று மணி வெயில். கம்பெனி பஸ் ஒரகடம் தாண்டி ஓடுகிறது, லாரிகள், தூசி படிந்த வேப்பமரங்கள், இளநீர்க் குவியல், மறுபடியும் லாரிகள். ஜன்னல் ஓரத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன், அது என் இடமில்லை, பச்சையம்மாளின் இடம், அவள் உத்திரமேரூர் பஸ்ஸுக்கு மாறிப்போன மறுநாள் யாரும் சொல்லாமலே நான் நகர்ந்து உட்கார்ந்தேன், அன்றைக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது, காற்று வந்தது. இப்போது காற்று வருவதே தப்பு போல இருக்கிறது. "இன்னா டீச்சரு, தூங்கறமாதிரி நடிக்கிறியா? பாட்டப் போடு. பச்ச எப்ப வருவான்னு குறி கேப்போம்" என்கிறாள் மேகலா. என் பேர் தமயந்தி, பி.எஸ்ஸி. படித்தவள் என்பதால் டீச்சர். ஒரு பிள்ளைக்கும் ஒரு எழுத்தும் சொல்லிக்கொடுத்ததில்லை. கம்பெனியில் என் வேலை குறை பார்ப்பது, பூதக்கண்ணாடிக்கு அடியில் ஒரு சர்க்யூட் போர்டு வரும், எட்டு நொடி, கீறலோ விரிசலோ இருந்தால் அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும், வாயைத் திறக்க வேண்டாம், ஒட்டினால் போதும், அடுத்த போர்டு வந்துவிடும். இந்த வேலைக்கு நான் பொருத்தமானவள் என்று சூப்பர்வைசர் சொன்னார். அவர் சொன்னது உண்மைதான்.

பாட்டுக்குறி ஐப்பசி மழையில் ஆரம்பித்தது. வாலாஜாபாத் ரயில்வே கேட்டில் பஸ் ஒன்றரை மணி நேரம் நின்றபோது யாரோ கேட்டாள், நாளைக்கு லீவு விடுவாங்களாடி என்று, அந்த நேரம் பார்த்து என் போனிலிருந்து பஸ் ஸ்பீக்கரில் ஒரு சாவுக் கானா வந்து விழுந்தது, முப்பத்தெட்டு பெண்களும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். டிரைவர் தணிகாசலம் அண்ணன் என் போனைத்தான் ஸ்பீக்கரில் சேர்த்து வைத்திருப்பார், இறக்கி வைத்த நானூறு பாட்டு இருக்கிறது, நடுவில் விளம்பரம் வராது. பிறகு தினமும் அதுதான். கேள்வி கேட்பவள் போனைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கேட்க வேண்டும், எல்லாரும் சேர்ந்து "சொல்லு தாயே" என்பார்கள், நான் பாட்டுகளைக் கலைத்துப் போடும் ஷஃபிளை அழுத்துவேன், வருகிற பாட்டுதான் பதில், ஒரு கேள்வியை இரண்டாம் தடவை கேட்கக் கூடாது. விளையாட்டுதான். ஆனால் ஒருநாள் மேகலா தன்னைப் பெண் பார்க்க வருகிறவனைப் பற்றிக் கேட்டாள், ஒப்பாரி போல ஒரு பாட்டு வந்தது, எல்லாரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே அவள் காதுமடல் சிவந்து கண்ணோரம் சுருங்கியதை நான் பார்த்துவிட்டேன். எனக்கு எட்டு நொடி போதும். மறுநாளிலிருந்து நான் அழுத்தியது ஷஃபிள் இல்லை. எந்தப் பாட்டு அடுத்து வர வேண்டும் என்று முன்கூட்டியே வரிசையில் செருகி வைக்கலாம், துப்பட்டாவுக்குள் கட்டைவிரல் இரண்டு தடவை அசைந்தால் போதும், கேட்கிறவளின் முகத்தைப் பார்த்து, அது எதை ஏங்குகிறதோ அதைப் போட்டுவிடுவேன். பாவம், ஒருத்திக்கு ஒரு சாயங்காலம் நன்றாக இருக்கட்டுமே. அது மட்டும்தானா? இல்லை. பேசாத எனக்கு ஒரு வாய் கிடைத்திருந்தது. முப்பத்தெட்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நான் சொல்லப்போவதற்காகக் காத்திருந்தார்கள், நான் சொன்னேன் என்று தெரியாமலே.

நினைக்கக் கூடாது. இளநீர்க் குவியல், லாரி, லாரி. பச்சையம்மாள் எங்கள் அறைக்கு வந்தபோது கையில் ஒரு பிளாஸ்டிக் பை மட்டும்தான். வாலாஜாபாத் பஸ் ஸ்டாண்டு பின்னால் மாடியில் ஒரே அறை, நானும் மேகலாவும் இருந்தோம், அவள் மூன்றாவது ஆள். முதல் வாரத்திலேயே பார்த்தேன். டம்ளரை இடது கையால் எடுப்பாள், வலது மணிக்கட்டு முழுதாகத் திரும்பாது, அந்தக் கையின் உள்பக்கம் மூன்று வட்டத் தழும்பு, எண்ணெய் தெறிச்சிடிச்சி என்றாள். எண்ணெய் அப்படித் தெறிக்காது. ஒரே அளவில், ஒரே இடைவெளியில், பீடி நுனி அகலத்தில் மூன்று வட்டமாகத் தெறிக்காது. நான் கேட்கவில்லை. ஏழு மாதம் பக்கத்துப் பாயில் படுத்திருந்தும் கேட்கவில்லை. அவள் இரவில் அழுவாள், தலையணையை வாயில் அடைத்துக்கொண்டு, தண்ணீர் வற்றிய மோட்டார் காற்றை இழுப்பது போல ஒரு சத்தம், எனக்கு ஐந்து மணிக்கு எழுந்து ஐந்தே முக்கால் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், கண் எரிந்தால் விரிசல் தெரியாது, நான் காதில் பஞ்சு வைத்துக்கொண்டேன். பிறகு அவள் புருஷன் கம்பெனி கேட்டுக்கு வந்தான். ஊர்ப் பெரியவர்கள் நாலு பேர், வெள்ளை வேட்டி, இனி குடிக்கமாட்டேன் கை நீட்டமாட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட காகிதம். தலையைக் குனிந்து நின்றான், அழகாகத்தான் இருந்தான். அன்றைக்கு பஸ்ஸில், இதே சீட்டில், பச்சையம்மாள் போனை என் மடியிலிருந்து எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அதுவரை ஒருநாளும் அவள் கேட்டதில்லை. "போவட்டுமா, வாணாமா?" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. சொல்லு தாயே என்று இரண்டு மூன்று குரல் மட்டும். அவள் முகத்தைப் பார்த்தேன். போகத்தான் ஏங்கியது என்று நினைத்தேன். நினைத்தேனா? கடைவாய் கொஞ்சம் தூக்கியிருந்தது, அது ஏக்கமா, பயத்தில் பல்லைக் கடித்ததா, அந்த ஒரு முகத்தை எட்டு நொடிக்கு மேல் பார்த்திருக்க வேண்டும். இல்லை, முகத்தை நான் பார்க்கவே இல்லையோ என்னவோ. இன்றைக்கு இரவு தூங்கலாம் என்று ஒரு நினைப்பு வந்ததே, அது பாட்டைச் செருகுவதற்கு முன்பா, பின்பா? முன்பு என்றால் ஒரு அர்த்தம், பின்பு என்றால் வேறு. இருபத்தாறு நாளாக அந்த ஒரு நொடியைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துப் பார்க்கிறேன், ஒவ்வொரு தடவையும் இடம் மாறி விழுகிறது. நான் செருகியது நாதஸ்வரத்தில் ஆரம்பிக்கிற பாட்டு ஒன்று, பிரிந்தவர்கள் வீடு திரும்புகிற பாட்டு. எல்லாரும் கை தட்டினார்கள். பச்சையம்மாள் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள், கேட்ட சாமானைக் கடைக்காரர் சரியாக எடுத்துக் கொடுத்ததும் ஆட்டுவது போல. அந்த ஆட்டல் எனக்கு அன்றைக்கும் புரியவில்லை. அன்று இரவு நன்றாகத் தூங்கினேன்.

ஒன்பது நாள் உத்திரமேரூர் பஸ்ஸில் வேலைக்கு வந்தாள். பூ வைத்துக்கொண்டு வந்தாள். அப்புறம் பூ இல்லாமல் வந்தாள். அவன் வீட்டில் ஒரு சடங்கு என்று எழுதிக்கொடுத்து ஒரு வாரம் லீவு எடுத்தாள், திரும்ப வந்து ஒரு வெள்ளிக்கிழமை மட்டும் வேலை பார்த்தாள், சனி வரவில்லை, திங்கள் இல்லை, செவ்வாய் இல்லை, இன்றைக்குப் புதன். சனிக்கிழமை மேகலா போன் செய்தாள், அவன் எடுத்தான், தூங்குறா என்றான். திங்கள் சாயங்காலம் ஆறு மணிக்குச் செய்தாள், தூங்குறா. நேற்று இதே பஸ்ஸில் மூன்றரை மணிக்கு, தூங்குறாம்மா, எழுந்தா சொல்றேன். பஸ்ஸில் எல்லாருக்கும் தெரியும். "அப்டி இன்னாடி தூக்கம், மாமியா வூட்ல மெத்த வாங்கிப் போட்டிருக்காங்களா?" என்று பின் சீட்டில் யாரோ சொல்ல, சிரிப்பு ஒன்று பாதியில் எழுந்து பாதியில் நின்றது. அதனால்தான் மேகலாவுக்கு இப்போது குறி வேண்டும். சும்மா இருப்பதைவிட அது மேல் என்று நினைக்கிறாள். "போடு டீச்சரு. நானே கேக்கறேன்." என் மடியிலிருந்து போனை எடுத்துக் கண்ணில் ஒற்றிவிட்டுத் திருப்பி வைக்கிறாள். "பச்ச நல்லாருக்காளா?" சொல்லு தாயே, சொல்லு தாயே. கட்டைவிரல் தானாக வரிசைக்குப் போகிறது, நல்ல பாட்டு ஒன்று, குத்துப்பாட்டு ஒன்று, எல்லாரும் எழுந்து ஆடுகிற மாதிரி, அப்புறம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுக்கலாம். இல்லை. இந்த ஒரு தடவை நான் சொல்லக் கூடாது. நிஜமாகவே ஷஃபிளை அழுத்தினேன், எவ்வளவு நாளுக்குப் பிறகு, என்ன வரும் என்று எனக்கே தெரியாது, அது இவ்வளவு பயமாக இருக்கும் என்று இத்தனை நாள் இவர்கள் கண்ணில் ஒற்றிக் கேட்டபோது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. வீணையில் இரண்டு இழுப்பு. ஒரு பெண் குரல், மெதுவாக. தாலாட்டு.

பஸ் ஒரு நொடி விழித்துப் பார்த்தது, பிறகு ஒரே கூச்சல். "ஐயோ, விசேஷம்டி!" "மாசமா இருக்கா!" "அதான்டி தூக்கம், மசக்கைல எனக்கும் அப்டித்தான், சோத்துத் தட்டுல தலைய வெச்சித் தூங்குவேன்" என்கிறாள் இரண்டு பிள்ளை பெற்ற கன்னியம்மா அக்கா, அவள் சொன்னால் கேட்பார்கள். தணிகாசலம் அண்ணன் கண்ணாடியில் பார்த்து, "அப்ப நாளைக்கு எனக்கு ஸ்வீட்டு உண்டா?" என்கிறார். "ஒங்களுக்கு எதுக்குண்ணே, சுகரு இருக்குல்ல?" மேகலா கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது. நாலு நாள் தூக்கம், அவன் குரலில் இருந்த அவசரம், போன் பேச விடாதது, எல்லாமே ஒரு குழந்தைக்குள் போய் அடங்கிவிடுகிறது. நானும் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளலாம் போல இருக்கிறது, அங்கே இருட்டாக, இதமாக இருக்கிறது, யாரும் யாரையும் எங்கும் அனுப்பவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை பதினொரு மணி இடைவேளையில் பச்சையம்மாள் பாத்ரூம் வாசலில் என் தோளைத் தொட்டு, "இருக்குதா ஒண்ணு?" என்று காதோடு கேட்டாள், நான் பையிலிருந்து நாப்கின் எடுத்துக் கொடுத்தேன். ஐந்து நாள்தான் ஆகிறது. மசக்கை இல்லை. இந்த பஸ்ஸில் அது தெரிந்தவள் நான் ஒருத்திதான். வாங்கிக்கொள்ள அவள் கை நீட்டியபோது இடது கைதான் நீண்டது, வலது கை கம்பெனிக் கோட்டுப் பாக்கெட்டுக்குள் இருந்தது, மதியம் அந்தக் கோட்டைக் கழற்றாமலே சாப்பிட்டாள், அதையும் பார்த்தேன், பார்த்துவிட்டு அடுத்த போர்டுக்குப் போய்விட்டேன். பாடுகிறாள், அந்தப் பெண் இன்னும் பாடிக்கொண்டிருக்கிறாள், தூங்கு தூங்கு என்று எத்தனை விதமாக ஒருத்தியால் சொல்ல முடியும்.

"அவ மாசமா இல்ல" என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். மேகலா மட்டும் திரும்பினாள். "வெள்ளிக்கெழம நாப்கின் வாங்கிட்டுப் போனா. மாசமா இல்ல." அவள் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது, கீழே இறங்க வழி தெரியாதது போல. பாட்டை நிறுத்தினேன். எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள். இப்போதே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் எப்போதும் சொல்லமாட்டேன். "அன்னிக்கு அவ கேட்டப்ப ஷஃபிள்ல வரல. நானாத்தான் அந்தப் பாட்ட வெச்சேன். எல்லாருக்குமே நான்தான் வெப்பேன்." திட்டுவார்கள் என்று காத்திருந்தேன். யாரும் திட்டவில்லை. மேகலா குரலைத் தாழ்த்திக்கொண்டு, குழந்தையிடம் சொல்வது போலச் சொன்னாள், "தெரியும்டி. ஓட்ட போன வெச்சிக்கினு துப்பட்டாக்குள்ள நோண்டுவியே, யாருக்குத் தெரியாது? நல்லதாத்தான வெக்கிறியேன்னு வுட்டுட்டோம்." "பச்சைக்கு?" என்றேன். அவள் வெளியே பார்த்தாள். "அவளுக்குத்தான் மொதல்ல தெரியும். பக்கத்துலயே ஒக்காந்திருந்தாளே. அன்னிக்குக் காலைல பல் தேய்க்கும்போது இன்னா சொன்னா தெரியுமா? தமயந்தி எல்லாத்தையும் பாக்கறா, ஆனா வாயத் தொறந்து ஒண்ணும் சொல்லமாட்டா, பாட்டுல கேட்டா சொல்லிடுவா, அவ போன்னு சொன்னா போறேன்னா." பஸ் ஒரு குழியில் இறங்கி ஏறியது. கடைக்காரர் கொடுத்த சாமானுக்குத் தலையாட்டல். என்னிடம்தான் கேட்டிருக்கிறாள். விதியிடம் இல்லை, சாமியிடம் இல்லை, மூன்று வட்டத்தையும் பார்த்த என்னிடம். பார்த்தவள் போகச் சொன்னால் போகலாம் என்று நினைத்திருக்கிறாள். நான் தூங்க வேண்டும் என்று நினைத்திருக்கிறேன்.

போனை எடுத்து அவள் எண்ணை அழுத்தியபோது ஸ்பீக்கரிலிருந்து பிரிக்க மறந்துவிட்டேன், மணி அடிக்கிற சத்தம் பஸ் முழுக்கக் கேட்டது, பிரிக்கலாம் என்று நினைத்து, வேண்டாம் என்று விட்டேன். "யாரு?" அவன் குரல் கூரையிலிருந்து வந்தது. "தமயந்தி. பச்சையம்மாளோட வேல செய்றேன்." "தூங்குறாம்மா." "எழுப்புங்க." கன்னியம்மா அக்கா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். "ஒடம்பு சரியில்ல, அப்புறம் பேசச் சொல்றேன்." "இல்லண்ணே, அவ வாயால லீவு சொல்லணும். சொல்லலைன்னா இன்னிக்கே பேர எடுத்துடுவாங்க, எச்.ஆர்.ல கேக்கறாங்க." பொய் இவ்வளவு எளிதாக வரும் என்று தெரிந்திருந்தால் எவ்வளவோ முன்பே பேசியிருப்பேன். அவன் யோசித்தான். செருப்புச் சத்தம், கோழி ஒன்று விரட்டப்படுகிற சத்தம், பிறகு ஒரு தாழ்ப்பாள், துருப்பிடித்த தாழ்ப்பாள் கிறீச்சென்று விலகியது. தூங்குகிறவளை யாராவது வெளியிலிருந்து தாழ் போடுவார்களா? முப்பத்தெட்டு பேரும் அதைக் கேட்டார்கள். தணிகாசலம் அண்ணன் வண்டியின் வேகத்தைக் குறைத்துவிட்டார். "பேசு" என்றான் அவன், பிறகு ஒரு மூச்சு. "அலோ." "பச்ச, நான்தான்." "ம்." "எப்டி இருக்க?" "நல்லாக்கேன்." நடுவில் ஒரு எழுத்து விழவில்லை, உதடு வீங்கியிருந்தால் விழாது. "வேலைக்கு வர்றியா?" "வழுக்கி வுந்துட்டேன். கால ஊன முடில." பக்கத்தில் அவன் தொண்டையைச் செருமினான். அவள் ரொம்பச் சாதாரணமாக, காய் என்ன விலை என்று கேட்பது போல, "தமயந்தி, ஒரு பாட்டு போடேன்" என்றாள். அவனுக்கு அது ஒன்றுமில்லை, பைத்தியக்காரப் பெண்கள் பாட்டுக் கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்தது. என்ன செய்யட்டும் சொல்லு என்கிறாள், மறுபடியும் என்னிடம்தான், அவ்வளவுக்கு அப்புறமும். எனக்கு எந்தப் பாட்டும் நினைவு வரவில்லை, நானூறில் ஒன்றுகூட. "பாட்டு வாணாம். நாங்க வர்றோம்" என்றேன், கத்தினேன். என் சொல் எனக்கே அரை நொடி கழித்து அங்கிருந்து திரும்பி வந்தது, வர்றோம், வர்றோம். அவனும் ஸ்பீக்கரில்தான் போட்டிருக்கிறான். ஏதோ விழுந்தது. இணைப்பு அறுந்தது.

எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். மேகலா போலீசுக்குப் போன் போட்டு, "அடிக்கிறான் சார், வெளிய தாப்பா போட்டு வெச்சிருக்கான் சார், தூங்குறான்னு சொல்றான்" என்று அழுதுகொண்டே எல்லாவற்றையும் கலந்து சொல்கிறாள். கன்னியம்மா அக்கா டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, "திருப்புங்கண்ணே" என்கிறாள். "எந்த ஊரும்மா?" என்று அவர் என்னைத்தான் கேட்கிறார். உத்திரமேரூருக்கு முன்னால் அத்திமேடு, ரேஷன் கடைக்கு எதிர்ச் சந்து, கடைசி வீடு, பஸ் மாற்றிக் கேட்டு அவள் கொடுத்த மனுவை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தது நான்தான். சொன்னேன். "கம்பெனில கேட்டா?" "நான் சொல்றேன்" என்றேன், இதற்கும் குரல் வந்தது. வாலாஜாபாத் போக வேண்டிய வண்டி பாலாற்றுப் பாலத்தில் ஏறுகிறது, கீழே தண்ணீர் இல்லை, மணல், முள்செடி, இரண்டு மாடு. இங்கிருந்து நாற்பது நிமிடம் ஆகும் என்கிறார் தணிகாசலம் அண்ணன், லாரி வழி விட்டால் முப்பத்தைந்து. மேகலா என் கையைப் பிடித்து, "நீ பேசினியேடி, நல்ல வேளை பேசினியே" என்கிறாள், விரல் வலிக்கிற அளவுக்குப் பிடித்திருக்கிறாள். நான் தலையாட்டுகிறேன். ஒரு பாட்டைப் போட்டிருந்தால், எந்தப் பாட்டாக இருந்தாலும், கிளம்பி வருகிற பாட்டு ஒன்றைப் போட்டிருந்தால் அவளுக்கு மட்டும் புரிந்திருக்கும், அவனுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது, நாங்கள் வாசலில் போய் நிற்கிற வரைக்கும் அவன் திண்ணையில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்திருப்பான். நான் பேசினேன். வருகிறோம் என்று அவனிடமும் சொல்லிவிட்டேன். நாற்பது நிமிடம் கொடுத்திருக்கிறேன்.